நான் நிறுத்த மறந்த பதினோரு பேர்

புதுசா சேர்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ஏதாவது உற்சாகமா பேசுங்க மேடம்னு என்னைக் கூப்பிட்டாங்க. உற்சாகமா பேச எனக்கு வராது. ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் போன் அடிச்சா நான் உடனே எடுக்க மாட்டேன். "கேஸ் சிலிண்டர்காரனா இருக்கும், எடு"ம்பார் வீட்டுக்காரர். எடுத்தா சிலிண்டர்காரன்தான். ஆனா எடுக்கிற வரைக்கும் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே இருப்பேன். அது ஏன்னு சொல்றேன். கேட்டுட்டு உங்களுக்கும் கொஞ்சம் பயம் வந்தா நல்லதுதான்.

நான் இருந்தது தீவுக்குத் தீவு போற கப்பலுக்கு டிக்கெட் போடுற சாஃப்ட்வேரைப் பார்த்துக்கிற ஒரு சின்ன கம்பெனி. பேர் வேண்டாம், இப்போ அந்தக் கம்பெனியே கிடையாது. போர்ட் பிளேர்ல சாத்தம் போற ரோட்டுல ஒரு மாடி. மொத்தம் ஆறு பேர். ஜாவா தெரிஞ்சவங்க ரெண்டு பேர், அதுல சீனியர் நான். எங்க அப்பா பரமக்குடிப் பக்கத்துல இருந்து இங்க மின்சார வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்க டெய்ரி ஃபார்ம்ங்கிற ஏரியா. கோவம் வந்தா முதல்ல ஹிந்தி வரும், அப்புறம்தான் தமிழ் வரும். அன்னைக்கு ரெண்டும் வந்துச்சு.

த்ரெட் பூல்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கடைசி வரிசையில அக்கவுண்ட்ஸ்காரங்க உக்காந்திருக்காங்க, அவங்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு வெப் அப்ளிகேஷன் முன்னாடி கஸ்டமரைக் கவனிக்கும்போதே பின்னாடி சில்லறை வேலைகள் நடக்கணும். டிக்கெட் போட்டவருக்கு மெசேஜ் அனுப்பணும், கப்பல் லிஸ்ட்ல பேர் ஏத்தணும், பிடிச்சு வெச்சுட்டு எடுக்காம விட்ட சீட்டை விடுவிக்கணும். இதுக்குன்னு த்ரெட்னு கொஞ்சம் வேலையாட்களை நிரந்தரமா வெச்சிருப்போம், அந்தக் கூட்டம்தான் பூல். வேலை வந்தா செய்வாங்க, இல்லைன்னா சும்மா நிப்பாங்க. அவங்களை வேலைக்குக் கூப்பிட ஒரு வரி போதும். வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்கன்னு சொல்றதுக்கும் ஒரு வரிதான். அந்த ரெண்டாவது வரியை நான் எழுதலை.

எழுதத் தெரியாம இல்லை. "பிறகு எழுதணும்"னு கமெண்ட் போட்டு வெச்சிருந்தேன். பிறகுன்னு ஒரு நாள் காலண்டர்ல வந்ததே இல்லை.

இதுக்கு மேல எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. சர்வரை நிறுத்தவே மாட்டோம். அப்போ கடலுக்கு அடியில கேபிள் வரலை, எல்லாமே சேட்டிலைட்தான். மழை பேஞ்சா லிங்க் படுத்துக்கும். சர்வரை ஒரு தடவை நிறுத்திப் போட்டா எல்லா தீவுலயும் கவுண்டர்காரங்க வெளியே தள்ளப்படுவாங்க. திரும்ப ஒவ்வொருத்தரா லாகின் பண்ணி உள்ளே வர அரை மணி, முக்கால் மணி ஆகும். ஒரு தடவை வடக்குத் தீவு ஒண்ணுல கியூவுல நின்ன ஜனம் கவுண்டர் கண்ணாடியையே உடைச்சுட்டாங்க. அதுக்கப்புறம் நான் ஒரு சட்டம் போட்டேன்: சர்வர் மேல கை வைக்கக்கூடாது. சர்வர் ஓடிக்கிட்டே இருக்கும்போது உள்ளே இருக்கிற அப்ளிகேஷனை மட்டும் கழட்டிட்டு புதுசை மாட்டணும். ஒரு நிமிஷம் திணறும், யாரும் வெளியே போக மாட்டாங்க. சர்வர் எத்தனை நாளா நிக்காம ஓடுதுன்னு சுவத்துல இருந்த போர்டுல தினமும் நானே எழுதுவேன். இருநூறாவது நாள் அன்னைக்கு எங்க மேனேஜர் பிஸ்வாஸ் தாதா, பெங்காலிக்காரர், அண்ணன்ங்கிற அர்த்தத்துல தாதான்னு கூப்பிடுவோம், ரசகுல்லா வாங்கிட்டு வந்தார். நானும் வெட்கமில்லாம ரெண்டு சாப்பிட்டேன்.

ஒவ்வொரு தடவை புதுசை மாட்டும்போதும் சர்வர் லாக்ல ஒரு எச்சரிக்கை எழுதும். நீ தொடங்கின த்ரெட்டை நிறுத்தாம போற, இது வம்புல முடியும்ங்கிற மாதிரி. அதை நான் படிச்சிருக்கேன். எல்லா ஆபீஸ்லயும் வர்றதுதானேன்னு கீழே தள்ளிட்டுப் போயிருக்கேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கவுண்டர்ல ஒரு சீட்டைப் பிடிச்சு வெச்சா, இருபது நிமிஷத்துக்குள்ள டிக்கெட்டா மாத்தணும். இல்லைன்னா பின்னாடி இருக்கிற வேலையாள் அந்தச் சீட்டை விடுவிச்சு பொதுவுல போட்டுடுவான். நியாயமான ஏற்பாடுதான். நோயாளிகளுக்குத்தான் இது சிக்கல். அவங்க சீட்டுக்கு போர்ட் பிளேர்ல ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் வரணும். பக்கத்துத் தீவுக்கு அது பத்து நிமிஷத்துல ஃபேக்ஸ்ல போயிடும். தெக்குக் கடைசியில இருக்கிற கேம்பல் பேவுக்குப் போக சில நாள் நாலு மணி நேரம் ஆகும். அதனால ஒரு மாசத்துக்கு முன்னாடி புதுசா ஒரு வசதி போட்டேன். சீட்டைப் பிடிக்கும்போது "மெடிக்கல்"னு ஒரு டிக் போட்டா, மத்தியானம் ரெண்டு மணிக்கு கப்பல் சார்ட், அதான் கடைசிப் பயணிகள் பட்டியல், மூடுற வரைக்கும் அந்தச் சீட்டை யாரும் விடுவிக்கக்கூடாது. எழுதி, சோதிச்சுப் பார்த்து, ஓடுற சர்வர்ல மாட்டினேன். எல்லாரும் கைதட்டினாங்க.

அன்னைக்குக் காலையில இருந்தே மழை. பத்தரை மணிக்கு கேம்பல் பே கவுண்டர்ல இருந்து செல்வராணி போன் பண்ணினா. ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் வீட்டுப் பொண்ணு. அவங்க குடும்பம் தமிழ்நாட்டுல இருந்து அங்க போய்க் குடியேறினது. அதிகம் பேச மாட்டா. பேசினா பாதி தமிழ், பாதி ஹிந்தி.

"அக்கா, ஒரு மெடிக்கல் சீட் பிடிச்சேன், காயப் ஹோ கயா, காணோம். எட்டாவது மாசம், ரத்த அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கு. ஹெலிகாப்டர் இன்னைக்குப் பறக்காதாம். கப்பல் சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"டிக் போட்டியா?"

"போட்டேன் அக்கா."

"போட்டிருக்க மாட்டே. போட்டிருந்தா எப்படிப் போகும்? கண்ணை நல்லா தொறந்து வெச்சுக்கிட்டு மறுபடி போடு."

இதை நான் எந்தக் குரல்ல சொன்னேன்னு உங்களுக்குத் தெரியணும். பக்கத்துல இருந்த பையன் சிரிச்சான். நானும் சிரிச்சேன். அவ போனை வெச்சுட்டா.

பதினொண்ணு இருபதுக்கு மறுபடியும் போன். "அக்கா, ரெண்டாவதும் போச்சு. போனதும் அங்க போர்ட் பிளேர் ஹாடோ கவுண்டர்ல யாரோ வாங்கிட்டாங்க. கீழ் பங்க் இன்னும் ஒண்ணுதான் இருக்கு. மேல ஏறி எல்லாம் படுக்க அவங்களால முடியாது. அடுத்த கப்பல் பத்து நாள் கழிச்சுத்தான்."

நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள அவளே தொடர்ந்தா. "டிக் போடலைன்னு மட்டும் சொல்லாதீங்க அக்கா. போன கப்பலுக்கும் இதே ஆளுக்குத்தான் சீட் பிடிச்சேன். இதே மாதிரிதான் போச்சு. அப்பவும் உங்களுக்குப் போன் பண்ணேன். அப்பவும் நீங்க இதையேதான் சொன்னீங்க."

"ஆள் யாரு?"

லிங்க் போயிடுச்சோன்னு நினைச்சேன்.

"எங்க அண்ணி."

போன கப்பலுக்கு அவ போன் பண்ணினது எனக்கு ஞாபகமே இல்லை. அப்படி எத்தனை போன் வரும்! டிக் போடலைன்னு சொல்லி வெச்சிருப்பேன், அவ்வளவுதான்.

"சொந்தக்காரங்கன்னு ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொன்னா வீட்டு ஆளுக்காகத்தான் பேசுறேன்னு நினைப்பீங்க."

சரி, கடைசி பங்க்கைப் பிடி, இந்தத் தடவை நான் இங்கிருந்தே பாக்கிறேன்னு சொன்னேன். பதினொண்ணு நாப்பத்தஞ்சுக்குப் பிடிச்சா. என் ஸ்கிரீன்ல வந்துச்சு. கஸ்தூரி, கீழ் பங்க், மெடிக்கல் டிக் போட்டிருக்கு. பளிச்சுனு இருந்துச்சு. அந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் ஒழுங்காத்தான் போட்டிருக்கா. விடுவிச்சதும் அந்த வரியே அழிஞ்சுடும்ங்கிறதால, டிக் இருந்ததுக்குச் சாட்சி இல்லை. சாட்சி இல்லாத இடத்துல நான் பழியைத் தூக்கி அவ தலையில வெச்சிருக்கேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

அப்போ யார் விடுவிக்கிறது? புது புரோகிராமைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். சரியாத்தான் இருக்கு. மெடிக்கல்னா தொடாதேன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கு. கடைசியில, சர்வருக்குள்ள இப்போ ஓடிக்கிட்டிருக்கிற த்ரெட் எல்லாத்தையும் பட்டியல் எடுத்தேன். இதை முதல்லயே செஞ்சிருக்கணும். சீட்டை விடுவிக்கிற வேலையாளுக்கு நானே ஒரு பேர் வெச்சிருந்தேன். அந்தப் பேர் ஒரு தடவை வரணும். பன்னெண்டு தடவை வந்துச்சு.

புது ஆள் ஒருத்தன். மத்த பதினோரு பேரும் பழைய ஆட்கள். நான் ஒவ்வொரு தடவை அப்ளிகேஷனைக் கழட்டி மாட்டினப்பவும், பழைய அப்ளிகேஷன் போயிருக்கு, அது கூப்பிட்டு வெச்ச ஆள் போகலை. போகச் சொல்லி யாரும் சொல்லலையே! டேட்டாபேஸ் இணைப்பு சர்வருக்குப் பொதுவா இருந்ததால, அவங்க கேட்டப்பல்லாம் அதுவும் கொடுத்திருக்கு. மெடிக்கல் டிக்னு ஒண்ணு உண்டுன்னே அவங்களுக்குத் தெரியாது. இருபது நிமிஷம் ஆச்சா, விடு. பதினோரு பேரும் நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாத்து, நான் என்னைக்கோ திருத்திட்டேன்னு நினைச்ச பழைய சட்டத்தை அச்சுப் பிசகாம செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க மேல என்ன குத்தம்?

மணி பதினொண்ணு ஐம்பது. கஸ்தூரி சீட் பன்னெண்டு அஞ்சுக்குப் போயிடும்.

டேட்டாபேஸ்ல கையாலேயே நேரத்தை மாத்திடலாமேன்னு உங்கள்ல யாரோ யோசிக்கிறது தெரியுது. நல்லா யோசிச்சீங்க. ஆனா அதுக்கு உரிமை எங்களுக்குக் கிடையாது. அது மெயின்லேண்ட்ல இருந்தவங்ககிட்ட. போன் போட்டேன், சாப்பிடப் போயிருக்காங்கன்னாங்க. பதினொண்ணு ஐம்பதுக்கே என்ன சாப்பாடோ! டாக்டரோட கடிதம் வந்தா உடனே டிக்கெட்டா மாத்திடலாம். அவர் ஆபரேஷன்ல இருக்கார், ஒரு மணிக்கு முன்னாடி வெளியே வர மாட்டார். விட்டுட்டு மறுபடி பிடிச்சா? ரெண்டாவது தடவை அந்த இடைவெளியிலதான் ஹாடோக்காரன் எடுத்தான். ஆக, பழைய ஆட்களைக் கொல்றதுக்கு ஒரே வழி சர்வரை நிறுத்துறது. நான் போட்ட சட்டத்தை நானே உடைக்கணும்.

பிஸ்வாஸ் தாதா கேபினுக்கு ஓடினேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். "தீதி, பாகல் ஹோ கயே க்யா? கப்பல் நாள், உச்ச நேரம். சார்ட் பன்னே தோ, ஃபிர் கர்னா" என்றார். பைத்தியமா உங்களுக்கு, சார்ட் முடியட்டும், அப்புறம் செய்யலாம்னு. சார்ட் முடிஞ்சா அந்தம்மாவுக்குச் சீட் இல்லை தாதான்னேன். ஒரு சீட்டுக்காக எல்லா கவுண்டரையுமான்னு கேட்டார். அவர் கேட்டதுலயும் நியாயம் இருந்துச்சு. ஏன்னா இன்னொரு பிரச்சினை அப்படியே நின்னுச்சு.

லிங்க் மோசமா இருந்ததால, விற்ற டிக்கெட்டை உடனே கப்பல் லிஸ்ட்ல ஏத்த மாட்டோம். வரிசையில போட்டு, இன்னொரு பூல் ஒண்ணொண்ணா ஏத்தும். அந்த வரிசை சர்வரோட நினைவுல மட்டும்தான் இருக்கும். அப்போ அதுல நாப்பது டிக்கெட்டுக்கு மேல நின்னுச்சு. பட்டுனு நிறுத்தினா நாப்பது பேர் கையில டிக்கெட் இருக்கும், கப்பல்ல பேர் இருக்காது. அவங்கள்லயும் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இருப்பாங்க. ஒருத்திக்குச் சீட் கொடுக்க நாப்பது பேரைக் கரையில நிறுத்துறதுக்கு நான் யாரு?

பிள்ளைங்களா, ஜாவால ஒரு பூலை நிறுத்த ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு, புது வேலை வாங்காதே, கையில இருக்கிறதை முடிச்சுட்டுப் போன்னு சொல்றது. இன்னொண்ணு, இப்பவே கீழே போடு, தொடாத வேலையெல்லாம் என்னென்னன்னு பட்டியல் கொடுத்துட்டுப் போன்னு சொல்றது. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்னு ஒரு கணக்கு உண்டு. அதை எழுதித்தான் வெக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கும். நான் எழுதாததால, அன்னைக்கு மூணையும் போன்லயும் பேப்பர்லயும் கையாலேயே செஞ்சேன்.

"தாதா, பன்னெண்டு மணி வரைக்கும் காத்திருக்கேன். அதுக்குள்ள வரிசை எவ்வளவு குறையுமோ குறையட்டும். மீதி இருக்கிறதை எழுதி வெச்சுட்டு நிறுத்துவேன். பழி வந்தா என் பேரைச் சொல்லுங்க" என்றேன். அவர் போனை எடுத்து ஒவ்வொரு கவுண்டரா கூப்பிட ஆரம்பிச்சார். "டிக்கெட் மத் காட்டோ. பந்த்ரா மினட். ஹாங், என் ஆர்டர்தான்." பதினஞ்சு நிமிஷத்துக்கு டிக்கெட் போடாதேன்னு. அந்த மனுஷன் மேல எனக்கு இருந்த கோபம் எல்லாம் அங்கேயே கரைஞ்சு போச்சு.

வரிசையைப் பாத்துக்கிட்டே நின்னேன். உக்கார முடியலை. முப்பத்தி ஒண்ணு. இருபத்தி நாலு. மழை வலுத்துச்சு, லிங்க் திணறுச்சு, இருபதுலயே அப்படியே நின்னுச்சு. நகருடான்னு ஸ்கிரீனைத் திட்டினேன். பதிமூணு. ஒன்பது. பன்னெண்டு அடிச்சப்போ நாலு. இன்னும் ரெண்டு நிமிஷம் பாப்போமேன்னு மனசு சொல்லுச்சு. அந்த ரெண்டு நிமிஷம் எப்பவுமே நல்ல பேச்சுதான் பேசும். அதுக்குக் காது கொடுக்கலை. மீதி நாலு டிக்கெட்டோட நம்பர், பேர், பங்க் எல்லாத்தையும் ஸ்கிரீன்ல பாத்து பேப்பர்ல எழுதினேன். பக்கத்துப் பையனை ஒரு தடவை சத்தமா வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். நல்ல விதமா நிறுத்துற கட்டளையைக் கொடுத்தேன்.

சர்வர் சாகலை!

அப்ளிகேஷன் போயிடுச்சு, வாசல் மூடிடுச்சு, ஆனா உள்ளே புரோகிராம் ஓடிக்கிட்டே இருக்கு. ஏன்னு கேளுங்க. அந்தப் பதினோரு பேர்தான். போகச் சொல்லாத வேலையாள் ஒருத்தன் உள்ளே இருந்தாலும் ஜாவா கதவைச் சாத்தாது. வீட்டுக்காரங்க வெளியே வந்து பூட்டு போடப் போனா, உள்ளே பதினோரு பேர் உக்காந்துக்கிட்டு சீட் விடுவிக்கிறாங்க. மணி பன்னெண்டு மூணு. "மார் தோ!"ன்னு பின்னாடி இருந்து ஒரு குரல். திரும்பிப் பாத்தா பிஸ்வாஸ் தாதா. கொன்னுடுங்கிறார். பயந்த மனுஷன்னு சொன்னேன் பாருங்க, அவர்தான். கட்டாயமா கொல்ற கட்டளையை அடிச்சேன். அடங்குச்சு. மணி பன்னெண்டு நாலு.

ஒரே நிமிஷ வித்தியாசத்துல நிறுத்தினேன்னு இப்போ பெருமையா சொல்லிக்கலாம். ஆனா அப்போ எனக்கு எதுவும் நிச்சயமா தெரியலை. கேம்பல் பே கடிகாரமும் எங்க சர்வர் கடிகாரமும் ஒண்ணா ஓடுதான்னு நான் சோதிச்சதே இல்லை. யாராவது முந்திக்கிட்டு விடுவிச்சிருந்தா, கதை முடிஞ்சுது. சர்வரைக் கிளப்பினேன். எழுதி வெச்ச நாலு டிக்கெட்டையும் கையாலேயே ஏத்தினேன். அதுல ஒருத்தருக்குக் கீழ் பங்க்குக்குப் பதிலா மேல் பங்க் விழுந்துடுச்சு. அவர் என்னைத் திட்டி ஒரு பக்கத்துக்கு லெட்டர் எழுதினார். நியாயமான திட்டுதான், வாங்கிக்கிட்டேன்.

கவுண்டர்கள் ஒவ்வொண்ணா உள்ளே வந்துச்சு. ஹாடோ முதல்ல வந்துச்சு. அது வந்ததும் எனக்கு இன்னும் பதற்றம். நேரடியா அந்த பங்க்கை வாங்கிடுவாங்களோன்னு. நான் என் ஸ்கிரீனையே பாக்கலை. பிஸ்வாஸ் தாதா பாக்கச் சொன்னார், நான் மாட்டேன்னுட்டேன். கேம்பல் பே லிங்க்தான் எப்பவும் கடைசி. பன்னெண்டு ஐம்பதுக்குப் போன் அடிச்சுது. கடைசி ரிங்லதான் எடுத்தேன்.

"அக்கா" என்றா செல்வராணி. "இருக்கு."

அவ்வளவுதான் சொன்னா. டாக்டர் கையெழுத்து ஒண்ணு இருபதுக்கு வந்துச்சு. டிக்கெட் ஆச்சு. சாயங்காலம் கப்பல் கிளம்பும்போது அந்தம்மாவும் அவ புருஷனும் அதுல இருந்தாங்க.

நான் வீட்டுக்குப் போகலை. அன்னைக்கே உக்காந்து, மாசக்கணக்கா "பிறகு"ன்னு கிடந்த அந்த நிறுத்துற பகுதியை எழுதினேன். அந்த ஒரு வரியோட, காத்திருக்கிறதும் மீதியை எழுதி வெக்கிறதும் சேர்த்து மொத்தம் பதினெட்டு வரி. அதுக்காகத்தான் இத்தனை பாடு. அடுத்த நாள்ல இருந்து, எங்க ஆபீஸ்ல ஒரு பூலைத் தொடங்குறவன் நிறுத்துறதையும் எழுதிக் காட்டினாத்தான் அது உள்ளே போகும். எத்தனை நேரம் காத்திருக்கும், மீதி வேலை எங்க போகும், இந்த ரெண்டுக்கும் பதில் இல்லைன்னா நான் பார்க்கவே மாட்டேன். போர்டுல நாள் எழுதுறதையும் விட்டுட்டோம்.

இதை மட்டும் சொல்லிட்டு நான் எந்திரிச்சுப் போயிருக்கலாம். நிறையப் பேர்கிட்ட இதுவரைக்கும்தான் சொல்லியிருக்கேன். கேக்கிறவங்க கைதட்டுவாங்க. ஆனா போனை எடுக்க விடாம பண்றது இது இல்லை.

ஆறாவது நாள், ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் கூப்பிடலை, எனக்குத்தான் இருப்புக் கொள்ளலை. கப்பல் வந்த மறுநாளே ஆபரேஷன் பண்ணி குழந்தையை எடுத்திருந்தாங்க. பொம்பளைப் பிள்ளை. ரொம்பச் சின்னதா இருந்ததால கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க. பிழைச்சுக்கும்னு டாக்டர் சொன்னாராம். பத்து நாள் முன்னாடியே வந்திருந்தா மாத்திரையிலேயே அழுத்தத்தைக் குறைச்சு, இன்னும் கொஞ்ச நாள் வயித்துக்குள்ளேயே வெச்சிருக்கலாம்னும் சொன்னாராம். இதைக் கஸ்தூரிதான் சொன்னா. சாய்ஞ்சு உக்காந்திருந்தா. முகமெல்லாம் வீங்கியிருந்துச்சு. புருஷன் பக்கத்துல நின்னார்.

நான் யாருன்னு சொன்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "நீங்கதான் சர்வரையே நிறுத்தி எனக்குச் சீட் வாங்கிக் கொடுத்தீங்களாமே அக்கா. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டிட்டு, கொண்டு போன ஆப்பிளைக் கொடுத்துட்டு வந்திருக்கலாம். ஆனா அந்தக் கை சூடா என் கைக்குள்ளேயே இருந்துச்சு, என்னால முடியலை.

"போன கப்பல்ல உங்க சீட்டை எடுத்ததும் நான்தாம்மா" என்றேன். "எங்க சாஃப்ட்வேர்ல தப்பு. செல்வராணி எல்லாத்தையும் ஒழுங்காத்தான் செஞ்சிருந்தா. அவ டிக் போடலைன்னு நான்தான் சொன்னேன். பாக்காமலேயே சொன்னேன்."

கஸ்தூரி கையை விடலை. புருஷன் பக்கம் திரும்பினா. அவர் தரையைப் பாத்தார்.

"அவகிட்ட பேசி ரெண்டு வாரம் ஆச்சு அக்கா" என்றா கஸ்தூரி. "ஆபீஸ்ல கேட்டேன், நான்தான் டிக் போடலைன்னு சொல்றாங்கன்னு அவளே வந்து சொன்னா. போட்டேன்னும் சொன்னா. நாங்க நம்பலை. இந்தப் பிள்ளை வர்றது உனக்குப் பிடிக்கலைடின்னு வாய்விட்டே சொல்லிட்டேன். அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளை இல்லாம அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவ. அன்னைக்கு இருந்து சாப்பாட்டைக் கூட கவுண்டருக்குத்தான் கட்டிக்கிட்டுப் போவா. கப்பல் ஏறும்போது தூரமா நின்னா. நான் திரும்பிப் பாக்கலை."

த்ரெட்டு, பூலு, சர்வருன்னு என்கிட்ட இருந்த வார்த்தை எதுவும் அங்க உதவலை.

"உங்க போனைக் கொடுங்க" என்றா.

கேம்பல் பே கவுண்டர் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். முதல் தடவை போகலை. ரெண்டாவது தடவையும் போகலை. மூணாவது தடவை ரிங் போச்சு. பக்கத்துல நின்ன எனக்கே கேட்டுச்சு, "கேம்பல் பே கவுண்டர்"னு அந்தப் பக்கம் அதே அமைதியான குரல்.

"ராணி" என்றா கஸ்தூரி. அதுக்கு மேல பேச முடியாம அழ ஆரம்பிச்சுட்டா.

அந்தப் பக்கம் குரல் பதறுச்சு. "அண்ணி? என்ன ஆச்சு அண்ணி? குழந்தைக்கு என்ன?"

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லைடி" என்றா கஸ்தூரி. "நீ டிக் போட்டியாமே."